அடிக்காத அம்மா

நான்கு வருடங்களுக்கு முன், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் காலையில் நடந்தது இது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஊருக்கு வெளியே, நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் இருக்கும் திடலில்தான் நடந்தது. இப்போதும் அந்த வழியாகப் பேருந்தில் போனால் நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. கைப்பையில் எதையாவது தேடுவதுபோலக் குனிந்துகொள்வேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. நான் தனியார் பள்ளி ஆசிரியை. முன்கோபக்காரி. அது என் அப்பாவிடமிருந்து வந்த சொத்து. அவர் அடிப்பதற்கென்றே புளிய மிளாறு ஒன்றைக் கூரையில் செருகியே வைத்திருப்பார். படிக்கும் வயதில் முழங்காலுக்குக் கீழே எனக்குத் தடம் இல்லாத மாதம் கிடையாது. என் வயிற்றில் பிள்ளை தரித்த அன்றே நான் எடுத்த முடிவு, என் பிள்ளையின் மேல் ஒருநாளும் கை வைப்பதில்லை என்பது. அதை இன்றுவரை மீறவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என் மகள்மேல் ஓர் அடி விழுந்ததில்லை.

அடிக்குப் பதிலாக நான் கண்டுபிடித்த வழி, பேசாமல் இருப்பது. அவள் தப்புச் செய்தால் கத்த மாட்டேன், திட்ட மாட்டேன். வாயை மூடிக்கொள்வேன். சோறு போடுவேன், தலை பின்னிவிடுவேன், யூனிஃபார்முக்கு இஸ்திரி போடுவேன், ஆனால் ஒரு வார்த்தை வராது. நானாகப் பேசும்வரை அவளும் என்னிடம் பேசக் கூடாது. அதுதான் விதி. அவள் பேசினால் காதில் விழாதவள் மாதிரி இருப்பேன், பேசாமல் இருக்கும் நேரக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆரம்பத்தில் பத்து நிமிடத்திலேயே அழுதுகொண்டு வந்து காலைக் கட்டிக்கொள்வாள். பிறகு அது ஒரு மணி நேரமாகி, அரை நாளாகியது. பழகிப்போன மருந்துக்கு அளவைக் கூட்டத்தானே வேண்டியிருக்கிறது!

இதில் எனக்குப் பெருமை வேறு. அக்கம்பக்கத்தில், “உங்க பொண்ணு உங்க கண்ணப் பாத்தே நடந்துக்குது டீச்சர், எப்படித்தான் வளத்தீங்களோ” என்பார்கள். பள்ளியில் மற்ற ஆசிரியைகள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் புலம்பினால், கை ஓங்காமலே வழிக்குக் கொண்டுவரலாம் என்று உபதேசம் செய்வேன். கேட்டுத் தலையாட்டியவர்கள் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் அதைச் செய்தார்களோ, தெரியவில்லை. அந்தப் பாவமும் என் தலையில்தான்.

அந்த வருடம் எங்களுக்கு நேரம் சரியில்லை. ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தில் சம்பா. கதிர் முற்றும் சமயத்தில் பெய்த மழையில் பயிர் அப்படியே தலைசாய்ந்துவிட்டது. எப்படியோ அறுப்பு மிஷின் இறக்கி அறுத்து, டோக்கன் போட்டு, நெல்லைக் கொண்டுபோய்த் திடலில் கொட்டினோம். எங்களுக்கு முன்னால் நாற்பது பேர் குவியல் போட்டிருந்தார்கள். காலையில் தார்ப்பாயை எடுத்து நெல்லை விரிக்க வேண்டும், காலால் கிளறிக் காயவைக்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் கூட்டிக் குவித்து மூட வேண்டும். மறுநாள் விடிவதற்குள் பனி இறங்கி எல்லாவற்றையும் மறுபடி ஈரமாக்கிவிடும். எங்கள் முறை வந்து மிஷினில் வைத்துப் பார்த்தபோது, ஈரப்பதம் கூட இருக்கிறது, காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள்.

என் வீட்டுக்காரர் பத்துப் பன்னிரண்டு நாளாகக் குவியல் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தார். நான் காலையில் அவருக்கு டீயும் டிபனும் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி, சாயங்காலம் வந்து நெல் கூட்டி, வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டுத் திருப்புதல் தேர்வுத் தாளைத் திருத்தினேன். அங்கே அவரை யாராவது திட்டுவார்கள். அவர் என்னிடம் எரிந்து விழுவார். நான் திருப்பி அவரிடம் காட்ட முடியாததை வேறு எங்கே காட்டுவேன்? காவிரித் தண்ணீர்தான் கடைமடைக்கு வந்து சேராது, கோபம் ஒரு சொட்டுக் குறையாமல் வந்து சேரும். எங்கள் வீட்டின் கடைமடை என் மகள். அப்போது அவளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு.

சனிக்கிழமை மதியம் அவளைத் திடலில் நிறுத்தி, நெல்லைக் கிளறிவிடச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பிடித்த வேலைதான் அது. வெறும் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தால் நெல்லில் வரப்பு வரப்பாகக் கோடு விழும். நான் நிழலில் உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், அவள் கோடு போடுவதை விட்டுவிட்டு நெல்லிலே பெரிதாக ஒரு மயில் வரைந்துகொண்டிருக்கிறாள். தோகைக்கு ஒவ்வொரு கண்ணாகக் கட்டை விரலால் குழி வைக்கிறாள். அந்தப் பக்கம் இரண்டு ஆடுகள் நின்று நிதானமாக எங்கள் நெல்லை மென்றுகொண்டிருந்தன.

ஆடு இரண்டு வாய் தின்றிருக்கும். அவ்வளவுதான் நஷ்டம். ஆனால் அன்று காலைதான் இரண்டாவது தடவையாக நெல்லைத் திருப்பியிருந்தார்கள். ஓடிப்போய் ஆட்டை விரட்டினேன். மயிலைக் காலால் கலைத்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டில் நான் அடுப்படியில் நின்றபோது பின்னால் வந்து நின்றாள். திரும்பினேன். ஒன்றும் பேசாமல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினாள். சண்டை போட்ட பிள்ளைகள் மறுபடி சேர்ந்துகொள்ள ‘பழம்’ விடுவார்கள் இல்லையா, அது. பேசக் கூடாது என்பது விதி, விரல் நீட்டக் கூடாது என்று நான் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது என்பதுதான் உண்மை. ஆனால் சிரித்துவிட்டால் தண்டனை எப்படி நிற்கும்? முகத்தைத் திருப்பிக்கொண்டு குழம்பைக் கிளறினேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. நான் டீ பிளாஸ்கை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, கூப்பிடாமலே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். நல்ல பனி, எதிரில் வருபவர் தெரியவில்லை. திடலுக்குப் போனதும் அவளாகவே ஓடி, தார்ப்பாயின் ஓரத்தில் பாரத்துக்கு வைத்திருந்த மண் சாக்கை இழுத்தாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அந்த அவசரம். சாக்கு நகரவில்லை. கையை அடியில் விட்டுத் தூக்கப் பார்த்தாள். சட்டென்று கையை இழுத்து உதறினாள்.

உதறிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லி இன்றைக்குத் தப்பிக்க முடியாது. முள்ளோ, எறும்போ என்று நினைத்தேன். என்ன என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்டால் நான் தோற்றுவிட்டதாக ஆகும் என்று தோன்றியது. எட்டு வயதுப் பிள்ளையிடம் தோற்றுவிடக் கூடாது என்று, வேண்டுமென்றே, தார்ப்பாயின் மறுமுனைக்குத் திரும்பிக்கொண்டேன். அவள் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே போய்ப் புங்க மரத்தடியில் உட்கார்ந்தாள்.

எட்டு மணி வாக்கில் இட்லிப் பாத்திரத்தைத் திறந்தேன். இலையில் இரண்டு வைத்து அவள் முன்னால் நகர்த்தினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தாள். உண்ணாவிரதம் இருக்கிறாள், என்னைப் பணிய வைக்கப் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவள் காதில் விழும்படி என் வீட்டுக்காரரிடம், “சில பேருக்கு வீம்பு ஜாஸ்தி. பசிச்சா தானா இறங்கும்” என்றேன். அவர் இருந்த அலுப்பில் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. வெயில் ஏறுகிறது, நெல்லை விரிக்க வேண்டும் என்று போய்விட்டார்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் தலையை மரத்தில் சாய்த்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டாள். நான் கடந்து போகும்போதெல்லாம் கண்ணைத் திறக்க முயல்வதுபோல் புருவத்தைத் தூக்குவாள், இமை மட்டும் மேலே வராது. நடிக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு தாய் இப்படி நினைப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். நினைத்தேன்.

திடலில் ஓர் அம்மா வேலை செய்துகொண்டிருந்தார்கள். தராசைச் சுற்றிச் சிந்துகிற நெல்லைப் பெருக்கி, முறத்தில் தூற்றி எடுப்பவர்கள். வெளியூர். அறுப்பு நடக்கும் இடமாகப் பார்த்து வருகிறவர்கள். பத்து நாளாகப் பார்த்திருந்தும் நான் அவர்களோடு ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அவர்கள் நிழலுக்கு ஒதுங்கியவர்கள், என் மகள் பக்கத்தில் குந்தி, முகத்தைப் பார்த்து, “ஏன் கண்ணு, ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்கள். நான் பத்தடி தூரத்தில் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

“கண்ணு தெறக்க வரல” என்றாள் என் மகள். குரல் குழறியது. பிறகு விரலைக் காட்டினாள். “காலையில சாக்குக்கு அடியில ஏதோ கடிச்சுது.”

“அம்மாகிட்ட சொன்னியா?”

“இல்ல. அம்மா பேசுற வரைக்கும் நான் பேசக்கூடாது.”

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதில் திட்டு இல்லை, புரியாமை மட்டும்தான் இருந்தது. அடுத்த நொடி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கத்தினார்கள். “ஏங்க, ஓடியாங்க! இது விரியன் கடிச்ச கண்ணுங்க! எந்தம்பி பொஞ்சாதிக்கு இப்படித்தான் சொருவுச்சு. தூங்குதுன்னு வுட்டுட்டோம்ங்க!”

என் வீட்டுக்காரர் ஓடிவந்து சாக்கைப் புரட்டினார். கறுப்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு சிறிய பாம்பு, அடியில் சுருண்டு கிடந்தது. கட்டுவிரியன். அது கடித்தால் வலியும் அவ்வளவாக இருக்காது, பல் பட்ட இடமும் சரியாகத் தெரியாது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். விரலில் இரண்டு புள்ளி, கொசுக் கடித்ததுபோல.

மூட்டை ஏற்ற வந்த குட்டி யானை வேன் ஒன்று நின்றிருந்தது. அதில் ஏறினோம். அந்த அம்மாதான் பிள்ளையை என் மடியில் கிடத்தினார்கள். தூங்கவிடாதீங்க, பேச்சுக் குடுத்துக்கிட்டே போங்க என்றார்கள். என்னிடம்தான் அதைச் சொன்னார்கள்.

மன்னார்குடி போய்ச் சேரும்வரை பேசினேன். மயிலைப் பற்றிப் பேசினேன், நல்லா வரைஞ்சிருந்தே, அம்மா கலைச்சிருக்கக் கூடாது என்றேன். ஏதாவது சொல்லும்மா, ஒரு வார்த்தை சொல்லு என்று கெஞ்சினேன். அவளுக்கு நாக்கு எழவில்லை. வாயோரத்தில் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. முதல் நாள் மதியத்திலிருந்து என்னோடு பேசக் காத்திருந்தவள் அவள். இப்போது நான் பேசச் சொல்கிறேன், அவளால் முடியவில்லை. வழியில் மூச்சு மேலோட்டமாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு மூச்சும் திரும்பி வருகிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

பெரியாஸ்பத்திரியில் உடனே மருந்து ஏற்றினார்கள். மருத்துவர் வயதில் சிறிய பெண். எத்தனை மணிக்குக் கடித்தது என்று கேட்டார். ஆறரை என்றேன். சுவரில் மணி ஒன்பதேகால். “இவ்ளோ நேரமா குழந்தை ஒங்ககிட்ட எதுவுமே சொல்லலையாம்மா?” என்றார். சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். நான் குனிந்து மகளின் வாயோரத்து எச்சிலைத் துடைத்தேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் விளங்கியது. இன்றுவரை அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அங்கேயே தொண்டையில் குழாய் போட்டு, ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் மிஷின்தான் அவளுக்காக மூச்சுவிட்டது. இந்த விஷத்தில் நினைவு தப்பாது, கண் திறக்க முடியாவிட்டாலும் உள்ளே எல்லாம் கேட்கலாம், பேசுங்கள் என்று நர்ஸம்மா சொன்னார்கள். உள்ளே விடும் நேரமெல்லாம் போய்ப் பேசினேன். மற்ற நேரம் வராந்தாவில் உட்கார்ந்து அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் மிளாறை எடுத்தால் நாங்கள் ஊரைக் கூட்டுவோம், பக்கத்து வீட்டார் வந்து தடுப்பார்கள், ராத்திரி அவரே தேங்காயெண்ணெய் தடவுவார். அவர் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் என் தண்டனையில் பிள்ளை கத்தவும் வழியில்லை, தடுக்க ஒருவர் வரவும் வழியில்லை. தழும்பு தெரியாமல் அடிக்கக் கற்றுக்கொண்டதைத்தான் நான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். கண் திறந்திருந்தது. நர்ஸம்மா குனிந்து, “அம்மா வந்திருக்காங்க பாரு, அம்மான்னு கூப்புடு” என்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள். உதடு அசைந்து நின்றுவிட்டது. தொண்டை வலி போலிருக்கிறது என்றார்கள். எனக்குத் தெரியும், அது தொண்டை வலி இல்லை. மூன்று நாளும் நான் பேசியது அவளுக்குக் கேட்டதோ, கேட்கவில்லையோ. விழித்த பிறகு நான் இன்னும் முதலில் பேசவில்லையே! அவள் காத்திருந்தாள்.

“என்னம்மா?” என்றேன். அதற்குப் பிறகுதான் “அம்மா” என்று காற்றுப்போல ஒரு குரல் வந்தது. நான் வெளியே வந்து தரையில் உட்கார்ந்து அழுதேன். பிழைத்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

வீடு திரும்பிச் சில வாரம் கழித்து அந்த அம்மாவைத் தேடிப் போனேன். கொள்முதல் முடிந்து திடல் காலியாகக் கிடந்தது. பெருக்க வந்தவர்கள் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. சீர்காழிப் பக்கம் என்றார் ஒருவர், இல்லை இல்லை என்றார் இன்னொருவர். பெயரைக்கூடக் கேட்டு வைக்காமல் போனேனே என்று நொந்துகொண்டு, வாங்கிப் போயிருந்த புடவையோடு திரும்பி வந்தேன். அடுத்த அறுப்புக்கும், அதற்கடுத்த அறுப்புக்கும் போய்ப் பார்த்தேன். அவர்கள் வரவில்லை.

இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது, அது எங்கே போகும்? வந்தால், “அம்மாவுக்குக் கோபமா இருக்கு, கொஞ்ச நேரம் தனியா இருந்துட்டு வரேன். ஆனா ஒனக்கு ஏதாவதுன்னா அப்பவும் வந்து சொல்லணும்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொள்வேன். தப்புச் செய்தால் அதன் பெயரைச் சொல்லி, அங்கேயே பேசி முடிக்கிறேன். இதெல்லாம் சின்ன விஷயம்தான், அப்போதே செய்திருக்கலாம்.

மகள் இப்போது ஏழாவது படிக்கிறாள். நன்றாக இருக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள். ஆனால் பள்ளியில் என்ன நடந்தாலும் என்னிடம் சொல்வதற்கு முன் ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பாள். பேசலாமா என்று பார்க்கிற பார்வை. மற்றவர்களுக்கு அது அடக்கமாகத் தெரிகிறது, இன்றும் என்னைப் பாராட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் முந்திக்கொண்டு “என்னம்மா?” என்று கேட்டுவிடுகிறேன்; அன்று அந்தப் பனியில் அவள் கையை உதறிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது கேட்காமல் விட்டதற்கு, ஆயிரம் முறை கேட்டாலும் ஈடாகாது என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.